மெமரி கார்டுச் சண்டை: ஜெயித்தது எது? தோற்றது யார்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் அண்ணன்மார் கேட்டதும், 'இன்றைய இளைஞர் கையில் நாளைய பாரதம்' என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். அதில் நான் எங்கேயும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கு நிஜமாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தபோது கையில் வந்தது ஒரு மெமரி கார்டு. சிரிக்காதீர்கள்! தபால் தலை அளவே உள்ள அந்தச் சாமான் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் பெரியது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள நேமத்தான்பட்டி எங்கள் ஊர். பர்மாத் தேக்குத் தூணும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உள்ள பெரிய பெரிய வீடுகள் இருக்கிற செட்டிநாட்டு ஊர்தான். ஆனால் எங்கள் வீடு அதில் ஒன்று இல்லை. அந்த வீடுகளுக்குச் சுவர் பூசப் போகிற கொத்தனார் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி, பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்காகப் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். மஞ்சள் துணியில் சுற்றி ஒரு டிஜிட்டல் கேமரா! சித்தப்பா 2006-இல் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போனவர். 2007-இல் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அது நான் பிறந்த வருஷம். "அப்பத்தா ஒன்னைய மடியில வச்சிருக்க போட்டோ இதுக்குள்ள இருக்கு" என்றார் அம்மா. அப்பத்தா 2009-இல் போய்விட்டார். வீட்டில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசு பண்ணியது. அதில் முகமா நிழலா என்று தெரியாது. வேறு படமே கிடையாது.

கேமரா உயிர் பெறவில்லை. ஆனால் உள்ளே கார்டு அப்படியே இருந்தது. அப்பா அதை என் உள்ளங்கையில் வைத்து, "ஆத்தா, நீதானே எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறே. இதத் தொறந்து குடு" என்றார்.

வீட்டில் முதலில் படிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். கரண்ட் போனாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், பேங்க் பாரம் பூர்த்தி பண்ணவும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். 'தெரியாது' என்று சொல்ல நாக்கு வராது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மைக்ரோவும் இல்ல, பெரிய எஸ்.டி.யும் இல்ல. காந்தி காலத்துக் கார்டா இருக்கேம்மா" என்றார். அடுத்த கடையில், "பேசாமத் தூக்கிப் போடும்மா, எட்டு ஜி.பி. புதுசே சல்லிசா வரும்" என்றார்கள். அன்று சாயந்தரம் அப்பாவிடம், "கடையில கரண்ட் இல்லப்பா" என்று பொய் சொன்னேன். அந்த வெட்கத்தில்தான் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன்.

உள்ளே ஒன்று, உடுப்பு பல

அது 'எக்ஸ்.டி.' என்கிற வகைக் கார்டு. இன்று கார்டு என்றால் மைக்ரோ எஸ்.டி. என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் ஆறேழு ஜாதிக் கார்டுகள் சந்தையில் மோதின.

அடிப்படையை முதலில் பார்ப்போம். ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோக்கா. 1984-இல் முதல் வகையையும், 1987-இல் 'நாண்ட்' வகையையும் உலகுக்குச் சொன்னார். நம் செமிகண்டக்டர் பாடத்தில் வருகிற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்தான். அதன் நடுவே நாலாபக்கமும் காப்பிட்ட ஒரு மிதக்கும் கேட் உண்டு. எலக்ட்ரானை அதற்குள் தள்ளிப் பூட்டிவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் அது வெளியே வராது. பூட்டியிருக்கிறதா, காலியா என்பதுதான் நம் போட்டோவும் பாட்டும்!

இதை வைத்து 1994-இல் சான்டிஸ்க் நிறுவனம் 'காம்பேக்ட் ஃப்ளாஷ்' கொண்டுவந்தது. 1995-இல் தோஷிபா 'ஸ்மார்ட் மீடியா' கொண்டுவந்தது. 1997-இல் சான்டிஸ்க்கும் சீமென்ஸும் சேர்ந்து 'மல்டி மீடியா கார்டு'. 1998-இல் சோனி 'மெமரி ஸ்டிக்'. 1999-இல் பானசோனிக்கின் தாய் நிறுவனமான மட்சுஷிட்டா, சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் கைகோத்து 'எஸ்.டி.' கார்டை அறிவித்தன. 2002-இல் ஒலிம்பஸும் ஃபூஜி ஃபிலிமும் 'எக்ஸ்.டி.' கொண்டுவந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் மெமரி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. உடுப்பும் கதவும்தான் வேறு. காம்பேக்ட் ஃப்ளாஷுக்கு 50 பின். ஸ்மார்ட் மீடியாவுக்கு 22 தொடுமுனை. எக்ஸ்.டி.க்கு 18. மெமரி ஸ்டிக்குக்கு 10. எஸ்.டி.க்கு 9. மல்டி மீடியா கார்டுக்கு 7. பெரும்பாலும் ஒன்றின் வாசலில் இன்னொன்று நுழையாது. நுழைந்தாலும் பெரும்பாலும் பேச்சு ஒத்து வராது.

எது ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும். எஸ்.டி.யும் அதன் பிள்ளையான மைக்ரோ எஸ்.டி.யும்தான். ஏன் ஜெயித்தது? 'தரமானது ஜெயிக்கும்' என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பாதி உண்மைதான் என்பது என் கட்சி. மீதிப் பாதியில் மூன்று காரணங்களைப் பார்க்கிறேன்.

முதல் காரணம்: ஊர் கூடி இழுத்த தேர்

மெமரி ஸ்டிக் மோசமான சரக்கு இல்லை. ஆனால் அது பெரும்பாலும் சோனி கேமரா, சோனி லேப்டாப், சோனி விளையாட்டுக் கருவி என்று ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது. எஸ்.டி.யை ஆரம்பித்த மூன்று கம்பெனிகளும் 2000-இல் ஒரு சங்கம் வைத்து, "கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் சேருங்கள், நீங்களும் தயாரியுங்கள்" என்று கதவைத் திறந்தன. அது தர்ம சத்திரம் இல்லை, உரிமத்துக்குப் பணம் உண்டு. இருந்தாலும் கதவு திறந்திருந்தது. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் உள்ளே வந்தன. பல பேர் தயாரித்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் இன்னும் பல பேர் வாங்குவார்கள். தேரை அழகாகச் செதுக்குகிறவர் தச்சர்தான், சந்தேகம் இல்லை. ஆனால் நிலையை விட்டுக் கிளப்புவது வடம் பிடிக்கிற ஊர்.

சோனிக்கு இது முதல் அனுபவமும் இல்லை. 1975-இல் அவர்கள் 'பீட்டாமேக்ஸ்' வீடியோ கேசட் கொண்டுவந்தார்கள். 1976-இல் ஜே.வி.சி. கம்பெனி 'வி.எச்.எஸ்.' கொண்டுவந்து, பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. கடைசியில் 1988-இல் சோனியே வி.எச்.எஸ். தயாரிக்க வேண்டி வந்தது. நம் அப்பா, அம்மா காலத்தில் 'டெக்' வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பார்களாமே, அந்த டெக்கில் ஓடிய கேசட் பெரும்பாலும் வி.எச்.எஸ்.தான். மெமரி ஸ்டிக்கிலும் அதே கதை திரும்பியது. 2010-இல் சோனி தானும் எஸ்.டி. கார்டு விற்க ஆரம்பித்தது.

இரண்டாம் காரணம்: பழையதை வாசலிலேயே நிறுத்தவில்லை

எஸ்.டி. கார்டும் மல்டி மீடியா கார்டும் நீள அகலத்தில் ஒன்று: 32 மி.மீ., 24 மி.மீ. கனம்தான் வேறு. எஸ்.டி. 2.1 மி.மீ., மற்றது 1.4 மி.மீ. அதனால் எஸ்.டி. வாசலில் பழைய மல்டி மீடியா கார்டும் நுழைந்தது. பின்னால் 2005-இல் வந்த மைக்ரோ எஸ்.டி. வெறும் 15-க்கு 11 மி.மீ.தான். ஆனால் ஒரு அடாப்டருக்குள் சொருகினால் பெரிய எஸ்.டி. ஆகிவிடும். புதுசு வாங்கியவன் பழசைக் குப்பையில் போட வேண்டாம்.

இதற்குள்ளே நம் பாடம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் சார் இதை விளக்கியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஸ்மார்ட் மீடியாவிலும் எக்ஸ்.டி.யிலும் கார்டுக்குள் கன்ட்ரோலர் கிடையாது. வெறும் மெமரி சிப் மட்டும்தான். அதை நிர்வகிக்கும் வேலை கேமராவின் தலையில். அதனால் பெரிய கொள்ளளவில் புதுக் கார்டு வந்தால் பழைய கேமரா முழிக்கும். ஸ்மார்ட் மீடியா 128 எம்.பி.யோடு நின்றது. எக்ஸ்.டி. 2 ஜி.பி.யோடு நின்றது. எஸ்.டி.யிலோ கார்டுக்குள்ளேயே கன்ட்ரோலர். உள்ளே சிப் எப்படி மாறினாலும் வெளியே பேசும் பேச்சு மாறாது. அதிலும் எல்லைகள் இருந்தன. 2 ஜி.பி. தாண்டுவதற்கு 2006-இல் 'எஸ்.டி.எச்.சி.' என்றும், 32 ஜி.பி. தாண்டுவதற்கு 2009-இல் 'எஸ்.டி.எக்ஸ்.சி.' என்றும் விதியைத் திருத்த வேண்டி வந்தது. அப்போதும் புது வாசல் பழைய கார்டைத் தள்ளவில்லை. புதுக் கார்டைத்தான் பழைய வாசல் தெரியாது என்றது.

மூன்றாம் காரணம்: செல்போன்

கேமரா வைத்திருந்தவர் எத்தனை பேர்? செல்போன் வைத்திருந்தவர் எத்தனை பேர்? சண்டையை முடித்து வைத்தது செல்போன்தான். அங்கேயும் முதலில் குழப்பம். நோக்கியா 6600 போனில் மல்டி மீடியா கார்டு. 2005-இல் வந்த என் 70 போனில் அதையே பாதியாக வெட்டிய மாதிரி ஒரு கார்டு. பிறகு மைக்ரோ எஸ்.டி.க்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014-இல் நிறுத்திய நோக்கியா ஆலையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போன் விலை இறங்க இறங்க அது கரண்டி பிடிக்கும் கைக்கும், கதிர் அறுக்கும் கைக்கும் வந்தது. கூடவே மைக்ரோ எஸ்.டி.யும் வந்தது.

அப்போது ஊருக்கு ஊர் செல்போன் கடைகளில் 'இங்கு மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று அட்டை தொங்கும். இளையராஜா பாட்டு ஒரு கார்டு, சாமி பாட்டு ஒரு கார்டு. எங்கள் அப்பாவே சாரத்தில் நின்று பூசும்போது சட்டைப் பையில் பாட்டு ஓட விடுவார். இதில் ஒரு கூத்து என்னவென்றால், எஸ்.டி. என்பதில் முதல் எழுத்துக்கு அர்த்தம் 'பாதுகாப்பான'. பாட்டைத் திருட்டுத்தனமாகக் காப்பி பண்ணக்கூடாது என்று அதற்குள் ஒரு பூட்டு வைத்தார்கள். அந்தப் பூட்டை ஜனங்கள் கண்டுகொள்ளவே இல்லை. செய்தவர் எதற்கு என்று நினைத்தாரோ அதற்கு இல்லை, ஜனங்கள் எதற்குப் பயன்படுத்தினார்களோ அதற்காகத்தான் அது ஜெயித்தது! பாட்டு எழுதியவருக்கும் இசை போட்டவருக்கும் அதில் நஷ்டம் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை.

தோற்றது கம்பெனி இல்லை

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். சண்டையில் தோற்ற கம்பெனிகளுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாடலில் எஸ்.டி. ஸ்லாட் வைத்துக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். அப்படியானால் தோற்றது யார்?

எங்கள் சித்தப்பாதான் தோற்றார். கடைக்காரர் காட்டியதில் விலைக்குத் தோதானதை வாங்கினார். எந்தக் கார்டு நிலைக்கும், எது போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு யார் இருந்தார்? வசதி உள்ளவர் அடுத்த வருஷமே புதுக் கேமரா வாங்கி, பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார். ஒரே தரம் மட்டும் வாங்க முடிந்தவர், மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைத்தார். ஆனால் பல வருஷம் மின்சாரமே காணாமல் கிடந்தால், பூட்டி வைத்த எலக்ட்ரானும் மெள்ள மெள்ளக் கசியும். கார்டை ஒருபுறம் காலம் தின்கிறது, மறுபுறம் அதைப் படிக்கிற கருவி ஊரில் மறைந்துகொண்டே வருகிறது.

இது கார்டுக்கு மட்டும் இல்லை, நம் தமிழ் எழுத்துக்கும் நடந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்துரு முறை வைத்திருந்த காலத்தில், 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழக அரசு 'டேம்', 'டேப்' என்று தரம் வகுத்தது. வெளிநாட்டுத் தமிழர் பலர் 'டிஸ்கி' முறையில் எழுதினார்கள். கடைசியில் உலகத்தோடு யூனிகோடுதான் நின்றது. 2010-இல் அரசும் அதை ஏற்றது. இன்றும் பழைய எழுத்துருவில் அடித்த பைலை எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். கோழி கிண்டின மாதிரி இருக்கும். எழுதியவர் தப்பாக எழுதவில்லை. வாசல்தான் மாறிவிட்டது.

அந்தக் கார்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு பழைய ஸ்டுடியோ அண்ணன், என்னிடம் முழுக் கதையும் கேட்டுவிட்டு, மேஜை டிராயரில் துழாவி, தூசி படிந்த ஒரு கார்டு ரீடரை எடுத்தார். எல்லா வகைக் கார்டுக்கும் வாசல் உள்ள பழைய ரீடர். "இத நான் தூக்கிப் போடாததுக்குக் காரணமே இல்லம்மா, சும்மா கெடந்துச்சு" என்றார். சொருகினார். மொத்தம் 43 படம். நாலைந்து படம் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகக் கெட்டுப் போயிருந்தது. மற்றவை தெளிவு.

அப்பத்தா படம் இருந்தது. பிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை மூடிவிட்டார். மடியில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "காதப் பாரு ஆத்தா" என்றார். வளர்த்த காது தொங்குகிறது, தண்டட்டி இல்லை. "அத வித்துத்தான் ஒங்க சித்தப்பன சிங்கப்பூருக்கு அனுப்புச்சோம்" என்றார். இது எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அந்தக் கார்டு திறக்காமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே, ஜெயித்தவனும் நிரந்தரம் இல்லை. ஐபோனில் கார்டு ஸ்லாட் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாம்சங் தன் எஸ் வரிசையில் 2021-இல் வந்த எஸ் 21 போனிலிருந்து கார்டு ஸ்லாட்டை எடுத்துவிட்டது. நாளை மைக்ரோ எஸ்.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் கடை கடையாக அலையலாம். ஆகவே வீட்டில் பழைய கார்டு, பழைய சி.டி. இருந்தால் இந்த லீவிலேயே எடுத்து இரண்டு மூன்று இடத்தில் காப்பி போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அவர்களுக்கும் செய்து கொடுங்கள். இதற்கு டிகிரி வேண்டாம், மனசு போதும்.

இரண்டாவது, நாளை நாம் வேலைக்குப் போவோம். ஒரு சர்க்யூட் வரைவோம், ஒரு மிஷினுக்குக் கனெக்டர் தேர்ந்தெடுப்போம், ஒரு ஆபீசுக்கு எந்த முறையில் கணக்கை வைக்கலாம் என்று யோசனை சொல்வோம். அப்போது 'எது வேகம், எது விலை குறைவு' என்று மட்டும் கேட்காமல், 'இதை எத்தனை பேர் தயாரிக்கிறார்கள்? பழையது இதில் நுழையுமா? பத்து வருஷம் கழித்து இதை யார் திறப்பார்?' என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2024 கடைசியிலிருந்து செல்போன்களுக்கு டைப் சி சார்ஜிங் வாசல் கட்டாயம் என்று சட்டமே போட்டன. எல்லாவற்றையும் கம்பெனிகளின் சண்டைக்கே விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி.

படிக்காத வீட்டிலிருந்து வந்தவர்கள் நம்மில் பாதிப் பேர். கடையில் நின்று எதை வாங்குவது என்று தெரியாமல் முழிக்கிறவர் நம் சித்தப்பாவும் அத்தையும்தான். அவர்கள் பக்கத்தில் நின்று, "இது வேணாம் சித்தப்பா, அத எடுங்க" என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால், அதுவே இந்தப் படிப்புக்கு முதல் சம்பளம்.

அப்பத்தா படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கண் மூடிய படம்தான். பரவாயில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.



– இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை, நேமத்தான்பட்டி